அனுசரித்துப் போவதற்கா அயல்நாடு?

கீரனூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் காதில் விழும் புத்திமதி, "போற எடத்துல அனுசரிச்சு நடந்துக்க" என்பதுதான். அந்த வீட்டுச் சமையல், சாமி, பேச்சு எல்லாவற்றையும் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வீடு அவளிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கல்வித் திட்டங்கள் இன்று 'பண்பாட்டிடைத் திறன்' என்று ஒன்றைப் பேசுகின்றன. புதிய இடத்தில் பொருந்திப்போவது, பிறர் மனம் கோணாமல் பழகுவது, மாற்றத்தை ஏற்பது என்று அதை விளக்குகிறார்கள். இவ்வளவுதான் என்றால் நம் பெண்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்கள் அந்நியர் அடுக்களையில் நின்றே அரபி கற்றார்கள். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் தந்ததில்லை.

புரிந்துகொள்வதும் பணிந்துபோவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் பிரிப்பது, திருப்பிக் கேள்வி கேட்கும் உரிமை.

பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்து சென்றார். அங்கே கிறித்தவத்தைத் தழுவினார். ஆனாலும் தம்மை ஆதரித்த சபையினர் சொன்ன கோட்பாடுகளுக்கெல்லாம் தலையாட்டவில்லை, கடிதங்களில் வாதாடினார். பிறகு அமெரிக்கா சென்று, அந்நாட்டைப் பற்றி மராத்தியில் அவர் எழுதிய நூல் 1889இல் வந்தது. அங்குள்ள பெண்களின் கல்வியையும் சங்கங்களையும் அதில் வியந்தார். நிறவெறியையும் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கொடுமையையும் மறைக்கவில்லை. அடிமை நாட்டிலிருந்து போன ஒரு விதவை, தன்னை வரவேற்ற நாட்டை எடைபோட்டார்.

எங்கள் மாவட்டத்துப் பெண் எடைபோட்டது சொந்த ஊரை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல் மாணவி. 1925இல் உதவித்தொகை பெற்று மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். மறு ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் பங்கேற்றார். 1927இல் சென்னை சட்டசபையின் துணைத்தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். ஆகவே அந்தக் கோபத்தை லண்டன் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது அதைப் பேச அவருக்கு ஒரு சபை கிடைத்தது என்பதே முக்கியம். அவருடைய தீர்வைத் தேவதாசிகளிலேயே பலர் எதிர்த்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. உலகைப் பார்த்து வந்தவருக்கும் உள்ளூர்ப் பெண்களின் குரலைக் கேட்கும் கடமை தீர்வதில்லை.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024இல் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்றார்கள். பணமில்லாத வீட்டுப் பிள்ளை அரசு செலவில் விமானம் ஏறுவது பெரிய காரியம். ஆனால் ஒரு வாரத்தில் ஊரைப் பார்க்கலாம். ஊராரோடு முரண்பட்டு, பேசித் தீர்த்து, மறுபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அந்த நாட்கள் போதாது. புரிதல் அங்கேதான் தொடங்குகிறது.

நல்ல திட்டம் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். தன் தெருவில் யார் யார் வீட்டுக்குள் வரலாம், யார் வாசலோடு நிற்கிறார்கள் என்று ஒரு மாணவி முதலில் எழுதிப் பார்க்கட்டும். சாதியைப் பார்க்கப் பழகாத கண் அயல்நாட்டில் நிறவெறியை எப்படி அடையாளம் காணும்? போன இடத்தில் அவமானமோ சீண்டலோ நேர்ந்தால், 'அவர்கள் பண்பாடு அப்படி' என்று வாயை அடைக்காமல் அவள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அவளை ஏற்கும் மாணவர்களும் அவள் ஊரைப் பற்றிப் படித்திருக்க வேண்டும். அவள் திரும்பியதும் சான்றிதழோடு அனுப்பிவிடாமல், கண்டதைப் பேச வகுப்பிலும் ஊரிலும் இடம் தர வேண்டும்.

வீட்டில் அந்த இடம் கிடைப்பதுதான் கடினம். வெளிநாடு போய்வந்த மகன் பேசினால் அது அனுபவம். மகள் பேசினால் வாய்த்துடுக்கு. அவளை அனுப்புவதற்குச் சம்மதிக்கும்போதே, அவள் கேள்விகளோடு திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான் நாம் சம்மதிக்க வேண்டும்.