தோற்றால் யாருக்கு லாபம்?

வீடியோ கேம் என்றால் கடினமாகத்தான் இருக்க வேண்டுமா, எல்லோரும் முடிக்கும்படி எளிதாக இருக்கலாமா? விளையாடுகிறவர்கள் பல ஆண்டுகளாக ஓயாமல் மோதிக்கொள்ளும் கேள்வி இது. காசு கொடுத்து வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம் என்பது அண்மையில் சூடு பிடித்திருக்கும் இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனி வழக்குகளாகவே பேசி வருகிறோம். எனக்கு இரண்டும் ஒரே வழக்காகத்தான் தெரிகின்றன. ஆட்டத்தின் விதியை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது, நான் தோற்றால் யார் பைக்குக் காசு போகிறது என்று கேட்டுவிட்டால், கடினம் பற்றிய சண்டையும் சொந்தம் பற்றிய சண்டையும் சேர்ந்தே தெளிகின்றன. ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதல் படியைத் தேனி மாவட்டத்து வீரபாண்டியில் வைக்கலாம். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கிறது கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மாவட்டமே அங்கே திரளும். அக்னிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருகிறவர்கள் ஒருபுறம். ராட்டினமும் கடைகளுமாக இரவிலும் விழித்திருக்கும் திடல் மறுபுறம். அந்தத் திடலில் வளையம் வீசும் கடை முன்னால் சற்று நேரம் நின்று கவனியுங்கள். கேம் வடிவமைப்பின் அரிச்சுவடி முழுக்க அங்கே கிடைக்கும். வளையம் பொருளைவிட எவ்வளவு பெரியது, வீசுகிறவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், ஒரு வீச்சுக்கு எவ்வளவு காசு, உள்ளே வைத்திருக்கும் பொருளின் விலை என்ன? இந்த நான்கையும் கூட்டியும் குறைத்தும்தான் கடைக்காரர் ஆட்டத்தின் கடினத்தை அமைக்கிறார். யாருமே ஜெயிக்காவிட்டால் கூட்டம் நகர்ந்துவிடும். எல்லோரும் ஜெயித்தால் கடை நடக்காது. அவ்வப்போது ஒருவர் ஜெயிக்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

நாம் தோற்றால் அங்கே கடைக்காரருக்கு லாபம். ஆனாலும் அந்த ஆட்டத்தின்மேல் எனக்குக் குறையில்லை. வளையத்தின் அளவும் தூரமும் காசும் நம் கண் முன்னால் இருக்கின்றன. நமக்கு முன்னால் வீசியவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். எனக்கு ஒரு தூரம், உங்களுக்கு ஒரு தூரம் என்ற பேச்சும் இல்லை. விலை தெரிந்து ஏற்றுக்கொண்ட கடினம் அது.

இனி திரைக்கு வருவோம். கேமில் வரும் கடினம் மூன்று வகை. ஒன்று கைக்கு: சரியான நொடியில் தாவ வேண்டும், குறி பார்க்க வேண்டும். இன்னொன்று புத்திக்கு: முடிச்சை அவிழ்க்க வேண்டும், நாலு நகர்வு முன்னால் யோசிக்க வேண்டும். மூன்றாவது பொறுமைக்கு: காத்திருக்க வேண்டும், செய்ததையே திரும்பச் செய்ய வேண்டும். முதல் இரண்டிலும் பழகப் பழக ஆடுகிறவர் தேறுகிறார். மூன்றாவதில் தேறுவதற்கு எதுவுமில்லை, பொழுதுதான் கரைகிறது.

நல்ல கடினம் முதலில் கற்றுக்கொடுக்கும், பிறகு சோதிக்கும். 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் திரையை நினைத்துப் பாருங்கள். மாரியோ இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. முதல் எதிரி தரையோடு மெதுவாக வருகிறது. சும்மா நின்றால் உயிர் போகும். ஆனால் ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே போவதால் இழப்பு பெரிதில்லை. அடுத்த முறை தானாகவே தாவுகிறோம். ஒரு வரி விளக்கம் இல்லாமல் பாடம் முடிந்துவிட்டது. 2011ல் வந்த டார்க் சோல்ஸ் இதற்கு நேர் எதிராக, முரட்டுத்தனமாகத் தோன்றும். ஹிடெடாகா மியாசாகி இயக்கிய அந்த கேமில் ஒரே இடத்தில் பத்து முறை சாகலாம். ஆனால் எதிரி வாளை ஓங்கும் விதத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, கவனித்தால் பிடிபடும். செலவழிக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி சாகாமல் அங்கே போய்ச் சேர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எங்கே பிசகினேன் என்பதற்கு ஒவ்வொரு தோல்வியிலும் விடை இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கேமின் விலையை ஒரு முறைதான் கொடுத்தோம். அதற்குப் பிறகு எத்தனை முறை செத்தாலும் நிறுவனத்துக்கு ஒரு பைசா கூடுதலாகப் போவதில்லை. அதனால் அங்கே கடினத்தை வைத்ததற்கு ஆட்டத்தின் சுவையைத் தவிர வேறு காரணம் இருக்க வழியில்லை.

எல்லா கேமும் அப்படி இல்லை. காசு போட்டு ஆடும் பெட்டிகளின் காலத்திலிருந்தே இன்னொரு கணக்கும் கூடவே வருகிறது. 1978ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கருவி தானாக வேகம் பிடித்தது. அதை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அது சுவையாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். அது தற்செயலாக வந்த கடினம். பிறகு வந்த பல பெட்டிகளின் உள்ளே, பூட்டுக்குப் பின்னால், வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்ச்கள் இருந்தன. ஒரு காசுக்கு எத்தனை உயிர், எதிரி எவ்வளவு முரடு என்பதைப் பெட்டிக்காரர் அவற்றைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆடுகிறவருக்கு அது தெரியாது. வீரபாண்டித் திடலின் வளையத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது: கடினம் கண்ணுக்கு மறைந்துபோனது.

கேசட் காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது. 90களில் நம் ஊர்களில் டிவியில் மாட்டி ஆடிய பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றில் காண்ட்ரா ஆடியவர்களுக்கு மூன்று உயிர் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று தெரியும். தொடக்கத் திரையில் பட்டன்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் என்பதும் தெரியும். கேசட் நம் வீட்டில் இருந்தது. மூன்று உயிரா, முப்பது உயிரா என்பதையும் நாமே முடிவு செய்தோம்.

இன்றைய போன் கேமில் அந்த உரிமை விலைக்கு வந்துவிட்டது. 2012ல் வெளியான கேண்டி க்ரஷ் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து உயிர். தீர்ந்தால் ஒரு உயிர் திரும்ப வர முப்பது நிமிடம். காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடுக்கலாம். லெவலைக் கடினமாக்குவதும், அந்தக் கடினத்தைத் தாண்டும் பொருளை விற்பதும் ஒரே கை. பொறுமைக்கு வைக்கும் மூன்றாம் வகைக் கடினம் இங்கே விற்பனைச் சரக்காகிவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போனால், ஆளுக்கு ஆள் கடினத்தை மாற்றவும் நுட்பம் இருக்கிறது. ஸ்கின், ஆயுதம் போன்றவற்றை வாங்கத் தூண்டும் வகையில் யாரை யாரோடு மோதவிடலாம் என்ற ஒரு முறைக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் 2017ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. எந்த கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. பயன்படுத்தினாலும் ஆடுகிறவருக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் என் கவலை.

‘கடினம் இவ்வளவு சந்தேகத்துக்கு உரியது என்றால் எல்லா கேமிலும் எளிய வழி ஒன்றைக் கட்டாயமாக வைத்துவிடலாமே’ என்று கேட்கலாம். ‘வைத்தால் படைத்தவரின் நோக்கம் கெடும்’ என்று மறுப்பவர்களும் உண்டு. 2019ல் செகிரோ என்ற கடினமான கேம் வந்தபோது இந்த வாதம் உலகம் முழுக்க நடந்தது. இரு தரப்புக்கும் நம் ஆடு புலி ஆட்டத்தில் விடை இருக்கிறது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆடு சுற்றி வளைத்து அடைக்கும். ஆள் எண்ணிக்கையில் ஒரு பக்கம், பலத்தில் மறுபக்கம் என்று இரு தரப்புக்கும் வேறு வேறு கடினம். அதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். ஆனால் எதிரில் சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் பெரியவர்கள் தப்பான நகர்வைத் திரும்ப எடுக்க விடுகிறார்கள், வெட்டுப்படப் போகும் ஆட்டை முன்கூட்டியே காட்டுகிறார்கள். இதனால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. பிள்ளை பழகியதும் சலுகை தானாக நின்றுவிடுகிறது.

2018ல் வந்த செலஸ்ட் இதையே செய்தது. மலை ஏறும் அந்த கேம் கைக்கு மிகக் கடினமானது; கடினம்தான் கதையே. ஆனாலும் உதவி முறை என்று ஒன்றை வைத்தார்கள். வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், களைப்பே இல்லாமல் ஏறலாம், சாகாமலும் ஆடலாம். இதற்குத் தனிக் காசு கிடையாது. டொராண்டோவில் தமிழர் ஒருவர் தலைமையில் உருவாகி 2023ல் வெளிவந்த வெண்பா என்ற கேம் வேறொரு வழியைக் காட்டியது. 1988ல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து, பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. விட்டுப்போன இடத்தை ஆடுகிறவர் நிரப்ப வேண்டும். முதல் சமையலே இட்லி. ஆவி எல்லாக் குழிக்கும் போகும்படி தட்டுகளை அடுக்கத் தெரிய வேண்டும். பெரிய கடினம் இல்லை, நேரக் கெடு இல்லை; ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஊரை விட்டு வந்தவருக்குக் கைப்பக்குவம் மறந்துபோவதன் வலி அந்தச் சின்ன முடிச்சுகளில்தான் இருக்கிறது. 2024ல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. ஆகவே கடினம் கூடுதலா குறைவா என்பதற்குப் பொது விதி தேவையில்லை. எது படைப்புக்காக வைத்தது, எது வசூலுக்காக வைத்தது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

இப்போது சொந்தம். நம் கோயில்கள் பலவற்றின் கல் தரையில் ஆடு புலிக் கட்டம் கீறியிருப்பதைப் பார்க்கலாம். கீறியவர் யார் என்று தெரியாது. இன்று போய் உட்கார்ந்தாலும் கூழாங்கல்லை வைத்து ஆடலாம். போன் கேமுக்கு அப்படி ஒரு தரை இல்லை. 2020 செப்டம்பர் 2ல் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் 30ல் இந்தியாவில் அதன் சர்வர் நின்றது. தடை சரியா என்பது வேறு விவாதம். கேமின் நாணயமான யுசியை வாங்கி, ஸ்கின் வாங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்த்த ஐடி அந்த நாளில் ஒன்றுமில்லாமல் போனது என்பதுதான் இங்கே செய்தி. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தபோது பழைய ஐடியை மாற்றிக்கொள்ளக் கெடு வைத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் ஆப் கடைகளிலிருந்து போனது, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு கேம் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டுமே வாங்கியவருக்கு மிஞ்சியது.

இலவச கேம் என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். யுபிசாஃப்ட் 2014ல் முழு விலைக்கு விற்ற தி க்ரூ என்ற கார் கேம், தனி ஆளாக ஆடுவதற்கும் சர்வரை நம்பியிருந்தது. 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள், கேமும் செத்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது முன்வைத்த மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது.

‘நஷ்டத்தில் ஓடும் சர்வரை எத்தனை காலம் நடத்துவது’ என்று நிறுவனங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் காலமெல்லாம் நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. நாக்அவுட் சிட்டி என்ற கேம் 2023 ஜூனில் மூடப்பட்டபோது, ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை அதன் நிறுவனம் வெளியிட்டது. மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டில் இந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்தின் குறி, பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள். காசு கொடுத்து வாங்கிய கேம் நாளைக்குக் காணாமல் போவது அதன் பார்வையில் இல்லை. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகம் என்பதில் டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்தே சொல்கிறது. ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் அவசரம் காட்டி வாங்க வைப்பது, நச்சரிப்பது உட்பட 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. அடித்தளம் இருக்கிறது. அதன்மேல் இரண்டு விதிகள் வேண்டும். காசு கொடுத்தால் கடினம் குறையும் கேம் அதை முதல் திரையிலேயே சொல்ல வேண்டும். சர்வரை நிறுத்தும் நிறுவனம், சர்வர் இல்லாமல் ஆடும் வழியை விட்டுச்செல்ல வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிள்ளை டாப்-அப் செய்யக் காசு கேட்டால், கூடாது என்று அதட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளைச் சேர்ந்தே கேளுங்கள். இதில் நீ தோற்றால் யாருக்கு லாபம்? அவர்கள் கடையைச் சாத்தினால் உன் கையில் என்ன இருக்கும்? ஆடிப் பழகிய பிள்ளைக்கு நம்மைவிடத் தெளிவாகவே விடை தெரியும். அந்த விடையோடு அவர்களே எந்த கேமுக்குக் காசு தகும் என்று முடிவு செய்யட்டும். கடினமான கேமைத் தேர்ந்தெடுத்தாலும் சந்தோஷம்தான். நேர்மையாகத் தோற்கடிக்கும் ஆட்டத்தில் தோற்றுத் தோற்று ஜெயிப்பது ஒரு நல்ல கல்வி.