முதலில் சோறு, பிறகு சான்று

போலி ரேஷன் அட்டைகளைக் களையெடுக்கிறோம் என்று அரசுகள் முழங்கும்போதெல்லாம், 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் இறந்துபோன 11 வயதுச் சிறுமியின் நினைவு உறுத்துகிறது. ஆதாரை இணைக்கவில்லை என்று அவள் குடும்பத்தின் அட்டை அதற்குச் சில மாதங்கள் முன்பே நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. காரணம் எதுவாயினும், அந்த வீட்டுக்கு வந்த அரிசியை நிறுத்தியது அரசுதான். அதே ஆண்டில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி அட்டைகளைப் பிடித்துவிட்டதாக அம்மாநில அரசு பெருமையும் பேசியது.

தகுதியில்லாதவர் பெறுவதும் பிழை, தகுதியுள்ளவர் விடுபடுவதும் பிழை. ஆனால் முன்னதில் போவது பணம். பின்னதில் போவது உயிர். எனவே ஐயம் எழுந்தால் அரிசியைக் கொடுத்துவிட்டு விசாரிப்பதே அறம். ஏழை என்று நிரூபிக்கும் சுமை ஏழையின் தலையில் விழக்கூடாது.

நம் முன்னோர் இதில் தடுமாறியதில்லை. இரந்துதான் வாழவேண்டும் என்றால் அப்படி வகுத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்தவர் வள்ளுவர். உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துச் சொன்னார் குடபுலவியனார். அமுதசுரபி ஏந்திய மணிமேகலை யாரிடமும் ஊரும் குலமும் கேட்கவில்லை. சிறையில் கிடந்தவர்க்கும் சோறிட்டாள். அந்தச் சிறையே அறக்கோட்டமாயிற்று. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் ஒருவனைக் கொல்வித்த பாண்டியன், பிழை தெரிந்த கணமே உயிர்விட்டான். இன்று பொற்கொல்லனின் இடத்தில் கணினிப் பட்டியல் இருக்கிறது. ஆராயாமல் நம்புகிறோம், பிழை தெரிந்த பிறகும் யாருக்கும் வலிப்பதில்லை.

கசிவு இல்லையா என்பார்கள். உண்டு. ஏழைக்கென ஒதுக்கும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் போய்ச் சேருகிறது என்று 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தியே சொன்னார். வரிப்பணத்தைக் காப்பதும் கடமைதான். ஆனால் லாரி லாரியாக ரேஷன் அரிசி கடத்துபவர், விரல் ரேகை தேய்ந்துபோன கூலிக்காரக் கிழவி அல்லவே!

அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற சீர்திருத்தம் 2015இல் புதுச்சேரிக்கு வந்தது. கடைகள் மூடின. மக்களோ அரிசியைத்தான் கேட்டார்கள்; 2024இல் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. 1997இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டை வைத்து மக்களைப் பிரித்தபோது, கேட்கும் குடும்பத்துக்கெல்லாம் அரிசி என்ற வழியை விட்டு தமிழ்நாடு விலகவில்லை. வசதியுள்ளோர் சிலர் வாங்கினாலும் பசித்தவர் விடுபடக்கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியதும் அவ்வழியிலேயே.

சீர்திருத்தம் வேண்டாம் என்பதல்ல வாதம். வீட்டுக்கு நேரில் சென்று பாராமல் ஓர் அட்டையும் நீக்கப்படக் கூடாது. நீக்கப்படும் பெயர்கள் முன்கூட்டியே கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். உரிய தானியம் தராவிட்டால் ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அதைத் தூங்கவிடலாகாது. தவறாக நீக்கிய அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். மிச்சப்படுத்திய கோடிகளைக் கணக்குக் காட்டும் அரசு, தவறாக நிறுத்தப்பட்ட அட்டைகளின் கணக்கையும் சேர்த்தே காட்டட்டும். அதுவே செங்கோன்மை.