பிடியரிசி

கொடுப்பது கடினமா, வாங்கிக்கொள்வது கடினமா? யாரைக் கேட்டாலும் கொடுப்பதுதான் கடினம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையில் இருப்பதில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு இரவில் நல்ல தூக்கம் வரும். வாங்கிக்கொண்டு போகிறவன்தான் பாயில் புரண்டுகொண்டிருப்பான். உதவி வயிற்றை நிரப்புகிறது. பல சமயம் தலையைக் குனிய வைத்துவிட்டே நிரப்புகிறது. தலை குனியாமல் ஒருவன் உதவி பெற வழி உண்டா?

உண்டு என்றுதான் நினைக்கிறேன். நெல்லைச் சீமையின் கிறிஸ்தவச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவாள். சபைக் காரியங்களுக்கும் எளியவர்களுக்கும் அது பயன்படும். தூரத்து மிசோரத்திலும் 1910-ஆம் ஆண்டு முதல் இதே வழக்கம் இருந்து வருகிறது.

நாசரேத் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வேலையில்லாத மாதங்களில் சபையிலிருந்து அரிசி வாங்கும் ஒரு மூதாட்டியைக் கண்டேன். அவளும் பிடியரிசி எடுத்து வைக்கிறாள் என்று கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

“நீங்களே சிரமப்படுகிறீர்களே, உங்களுக்கு எதற்கம்மா இது?” என்றேன்.

“நான் போடாத பானையில கை விட எனக்கு வெக்கமா இருக்காதா, ஐயா?” என்றாள்.

அந்த ஒரு பிடியில் அவளுடைய மானம் இருந்தது. கோயில் சாக்கில் கொட்டிய பிறகு எது பண்ணையார் வீட்டு அரிசி, எது பனையேறி வீட்டு அரிசி என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? தர்மத்தில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். சபையிலோ இன்று கொடுப்பவரே நாளை வாங்குவார். இன்று வாங்குபவரும் ஒரு பிடி கொடுப்பார். 1830-இல் பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயர் காலத்தில் தோன்றிய தர்ம சங்கமும் இந்த வழியில்தான் சென்றது. மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் குடியேற அது நிலம் வாங்கிக் கொடுத்தது. சோறு போட்டால் மறுவேளை மீண்டும் வந்து நிற்க வேண்டும். நிலம் கொடுத்தால் அவன் சொந்தக் காலில் நிற்பான்.

சபை என்றால் எல்லாம் அன்புமயம் என்று நான் சொல்லவரவில்லை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் ஜாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. ஒரே கடவுளை வணங்கியவர்களுக்கு இடையே நின்ற சுவர்!

இந்தக் கோளாறு புதியதும் அல்ல. எருசலேமின் முதல் சபையிலேயே இது இருந்தது. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. ‘போட்டதைத் தின்றுவிட்டு முணுமுணுக்கிறார்களே’ என்று தலைவர்கள் கோபப்பட்டிருக்கலாம். அவர்கள் கோபப்படவில்லை. சபையைக் கூட்டி, பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் மனிதர்கள் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எத்தனை பெரிய காரியம் இது! உதவி பெறுகிறவன் நன்றி மட்டுமே சொல்ல வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். ‘எனக்குக் குறைவாக விழுந்தது’ என்று அவன் சொல்லிவிட்டால் நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது. சொந்த வீட்டில் பிள்ளை அப்படிச் சொன்னால் யாராவது நன்றி கெட்டவன் என்பார்களா? உரிமை உள்ள இடத்தில்தான் குறை சொல்ல வாய் வரும். உரிமை இல்லாதவன் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அவனுடைய மௌனத்தைத் திருப்தி என்று நாம் கணக்கெழுதிக்கொள்வோம்.

ஆகவே ஒரு சபையின் அன்பை அளக்க, அது எத்தனை மூட்டை அரிசி வழங்கியது என்ற கணக்கு எனக்குப் போதாது. அங்கே ஏழை விதவை ஒருத்தி எழுந்து நின்று குறை சொல்ல முடிகிறதா? அவள் வீட்டுப் பிடியரிசிக்கும் சாக்கில் இடம் இருக்கிறதா? பந்தியில் என்றைக்காவது அகப்பை அவள் கைக்கு வருகிறதா? இவற்றைத்தான் கேட்பேன்.

நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, எந்தக் கோயிலுக்கும் போகாதவராக இருந்தாலும் சரி, உங்களிடம் உதவி பெறும் ஒரு தம்பியோ, ஒரு விதவைச் சித்தியோ, வீட்டு வேலைக்கு வரும் ஒரு பெண்ணோ இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து நீங்கள் கடைசியாக எதை வாங்கிக்கொண்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.