பாலையில் கற்றதும் மலையில் மறந்ததும்

இன்மையால் வரும் சிக்கனம் அறமாகுமா? அபு மலைக்குச் சென்று மீண்ட நாள்முதல் எம் உள்ளத்தை உறுத்தும் வினா இது.

யாம் வாழும் ஜோத்பூர், தார்ப் பாலையின் விளிம்பில் உள்ள நகரம். மே மாதத்தில் வெம்மை 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். படிக்கிணறுகளும், மழைநீரைச் சேர்க்கும் ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டிகளும் மார்வார் மக்கள் நீரைப் போற்றியமைக்குச் சான்றுகள். அவர்களிடையே வாழும் எம் இல்லத்திலும் அரிசி களைந்த நீர் துளசிக்கே செல்லும்; குளிக்க ஒருவர்க்கு ஒரு வாளிதான். இதனை எம் ஒழுக்கம் என்றே எண்ணிப் பெருமையுற்றிருந்தோம்.

கோடை விடுமுறையில் அபு ரோடு நிலையத்தில் இறங்கி, பேருந்தில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றோம். ஆரவல்லியில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூர், இராஜஸ்தானத்தின் ஒரே கோடைவாசத் தலம். நக்கி ஏரியின் குளிர்காற்று பட்டதும் பாலையை மறந்தோம். அங்குக் கற்றதையும் மறந்தோம்.

விடுதியில் குழாயைத் திருகியதும் நீர் கொட்டியது. பிள்ளைகள் இருமுறை நீராடினர், யாமும் அவ்வாறே. திறந்த குழாயை மூட ஒருவர்க்கும் தோன்றவில்லை. அறையைப் பெருக்க வந்த முதியவரே அதனை மூடினார். “பாபுஜி, இங்கும் மழை பெய்தால்தான் தண்ணீர். நீங்கள் நாளை இறங்கிப் போய்விடுவீர்கள், நாங்கள் அடுத்த மழைவரை இருக்க வேண்டும்” என்று இந்தியில் பணிவுடன் கூறினார். எம்மால் விடையிறுக்க இயலவில்லை.

பாலையில் யாம் நீரைப் போற்றவில்லை. எம் தேவையையே காத்துக்கொண்டோம். அச்சம் நீங்கியதும் சிக்கனமும் நீங்கிற்று. பழக்கமே நாளடைவில் அறமாகும் என்பர் சிலர். கட்டாயம் கையைப் பழக்கும். மனத்தைப் பழக்குவது பிறரைப் பற்றிய நினைவே. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தது, நீர் அரிதான ஊரார்க்கு மட்டுமா?

மாற்றல் ஆணை வந்தால் மூட்டை கட்டும் நமக்கு, வாழும் ஊர் யாவும் ஒருவகையில் விடுதிகளே. நாம் சென்றபின் அங்கு இருப்போரை எண்ணி நடப்பதே விருந்தினர்க்குரிய அறம்.

மறுநாள் காலை ஒருவர்க்கு ஒரு வாளி என நீராடினோம். குழாயில் நீர் நிறைய வந்தது, தடுப்பார் எவருமில்லை. யாம் உண்மையில் சிக்கனம் செய்தது அன்றுதான்.