பயிற்சிச் சான்றிதழ்

பொறியியல் பயிலும் வாலிபனே, ஆலைப் பயிற்சிக்குப் போகாமலே பணங்கொடுத்துச் சான்றிதழ் வாங்குவது அற்பப் பாவந்தானே என்கிறாய். எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய்யென்பது உனக்கே தெரியும். ஆனால் கொலையை விலக்கும் ஐந்தாம் கற்பனையும் இங்கே குறுக்கே நிற்கிறது.

1907-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, கனடாவில் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து 75 தொழிலாளர் மாண்டனர். பாலத்தின் எடையைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அடிச்சட்டங்கள் வளைவதைக் களத்திலிருந்த இளம் பொறியாளர் ஒருவர் அளந்து, நியூயார்க் சென்று மேலாளரான பொறியாளரிடம் நேரிலே சொன்னார். வேலை நிற்குமுன் பாலம் விழுந்துவிட்டது. அந்த வளைவைக் காணும் கண்ணை எந்தக் கடையில் வாங்குவாய்?

ஆலைகள் எல்லாருக்கும் இடந்தருவதில்லை என்பாய். மெய்தான், அது உன் குற்றமன்று. வீடு கட்டும் மேஸ்திரியிடமாவது இரண்டு வாரம் நில். அதை உள்ளபடி எழுது. கல்லூரி ஏற்காவிட்டால் என்னிடம் வா. முதல்வரை இருவருமாய்ப் போய்ப் பார்ப்போம்.