கடன்பட்ட வீடும் கலங்காத மனமும்

வீட்டை விற்பவன் எதை விற்கின்றான்? சுவரும் கூரையும் கைம்மாறும்போது, அவற்றைப் பற்றிய உரிமையும் அவ்வுரிமையோடு பிணைந்த பொறுப்பும் உடன் கைம்மாறுகின்றன. இதனை நம் தம்ம அன்பர் ஒருவரின் வினா அண்மையில் நமக்கு நினைவூட்டிற்று.

தெற்கு அந்தமானில், மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிற்குப் படகேறும் துறையாகிய வண்டூரில் அவ்வன்பர் தம் மகனுடன் வாழ்கின்றார். சென்னையில் அவருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் ஒரு வீடு உண்டு. அதன் உரிமையாளர் சங்கத்திற்கு மாதந்தோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புப் பணத்தை அவர் நான்காண்டுகளாகச் செலுத்தவில்லை. அவர் பிறந்த குலம் இன்னதென்றும், அவர் பௌத்தம் தழுவியவரென்றும் தெரிந்த பின்னர், வைகாசிப் பௌர்ணமி வழிபாட்டிற்குப் பொதுக்கூடம் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்தப் புண் ஆறாமையால் பணத்தை நிறுத்தினார். இன்று, வண்டூரில் ஒரு சிறு வீடு கட்டுதற்காக அவ்வீட்டை விற்க முயல்கின்றார். வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றைப் பார்த்தார், குறையொன்றும் காணவில்லை. நிலுவையைப் பற்றி அவர் கேட்கவுமில்லை.

அன்பர் வினவுகின்றார்: கேளாததைச் சொல்லாதிருப்பது பொய்யாகுமோ? நம்மை இழிவு செய்தோர்க்கு நாம் ஏன் கடன் தீர்க்க வேண்டும்?

முதல் வினாவை முதலில் ஆராய்வோம். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களையே காட்டும். சங்கத்தின் கணக்கேட்டிலுள்ள நிலுவை பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. ஆயினும் கடன் இல்லாமற் போவதில்லை. மகாராட்டிரத்தின் 1970-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டமும், கருநாடகத்தின் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் செலுத்தப்படாத பொதுச் செலவுகளை அவ்வீட்டின்மீதே சுமையாக ஏற்றுகின்றன. மின்கட்டண நிலுவை குறித்து 2023-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இங்கு எண்ணத்தக்கது. முந்தைய உரிமையாளரின் பாக்கியைச் செலுத்தினாலன்றிப் புதிய உரிமையாளருக்கு இணைப்பு இல்லையென மின்வாரியத்தின் விதி கூறுமாயின், அவ்விதி செல்லும் என்று அது முடிவு செய்தது. ஒருவன் வைத்த பாக்கி, அதனை அறியாத மற்றொருவன் வாசலில் வந்து நிற்கும் என்பது இவற்றால் விளங்கும்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வெறும் மௌனம் பொதுவாக மோசடியன்று. பேச வேண்டிய கடமையுள்ள இடத்திலேயே அது மோசடியாகும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவோ, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாததுமான குறையை விற்பவர் வெளியிட வேண்டுமென்கிறது. அன்றியும், கிரயப் பத்திரங்களில் “சொத்தின்மீது எவ்விதப் பாக்கியும் வில்லங்கமும் இல்லை” என்னும் கருத்தில் ஒரு வாசகம் எழுதுவது வழக்கம். அதன்கீழ்க் கையொப்பமிடுபவர் மௌனமாக இருந்தவர் ஆகார். கேளாத கேள்விக்குப் பொய்யான விடையை எழுதித் தந்தவரே ஆவார்.

சட்டம் நிற்குமிடத்தில் தம்மம் நின்றுவிடுவதில்லை. உபோசத நாளில் பாதிமோக்கம் ஓதப்படும்போது, தன் குற்றத்தை நினைவிற்கொண்ட பிக்கு, மூன்றுமுறை வினவப்பட்டும் வாய்திறவாதிருப்பின், அறிந்தே பொய்யுரைத்தவனாவான் என்று விநயம் விதிக்கின்றது. ஒரு சொல்லும் அங்கே சொல்லப்படவில்லை; ஆயினும் அது பொய். பிறர் மனத்தில் தவறான எண்ணம் நிலைக்கட்டும் என்று கருதிக் காக்கும் மௌனம், நான்காம் சீலத்தின் எல்லைக்குள் வருவதாகும்.

சாதகக் கதைகளுள் மூன்றாவதில் இரு வணிகர் வருகின்றனர். வறுமையுற்ற ஒரு மூதாட்டியிடம் அழுக்கேறிய கிண்ணம் ஒன்று இருந்தது. பேராசை வணிகன் அது பொன்னென்று அறிந்தும், காசுக்கும் உதவாதென்று எறிந்துவிட்டுச் சென்றான். பின்வந்த போதிசத்துவரோ, “அம்மையே, இது பொற்கிண்ணம், இதன் விலையைக் கொடுக்க என்னிடமுள்ள பொருள் போதாது” என்றார். மூதாட்டி அவரைக் கேட்கவில்லை; கேளாமலே அவர் சொன்னார். முற்கூறிய 55-ஆம் பிரிவு, விற்பவரின் உரிமைக்கு மதிப்பை உயர்த்தும் செய்தியை அறிந்த வாங்குபவரும் அதனை வெளியிட வேண்டுமென விதிப்பதைக் காணும்போது, பழைய அறத்தின் சாயலை அதில் காண்கின்றோம்.

இனி இரண்டாம் வினா. அன்பருக்கு இழைக்கப்பட்டது கொடுமையே; அதனைப் பொறுத்துப் போகுமாறு நாம் கூறவில்லை. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்துள்ளது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலிற் சேர்ந்த சாதியினர் பௌத்தம் தழுவினும் அந்நிலையை இழவார் என்பதை 1990-ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்தது. எழுத்தில் முறையிடலாம், வழக்கும் தொடுக்கலாம். “கூடத்தை மறுத்தீர், ஆதலின் பணம் தரேன்” என்று சங்கத்தார் முகத்திற்கு நேரே கூறுவதுங்கூட வெளிப்படையான போராட்டமாகும். மறைத்து விற்பதோ போராட்டமாகாது. அதனால் துன்புறுபவர் கூடத்தை மறுத்தவர் அல்லர். இனிமேல் அங்கே குடிபுகப்போகும் ஓர் அயலார்.

மேலும், அந்த நான்காண்டுகளில் தண்ணீர் ஏறியது, விளக்கெரிந்தது, படிக்கட்டு பெருக்கப்பட்டது. பெருக்கியவரும் காவல் காத்தவரும் யாவர்? பெரும்பாலும் நம்மைப்போன்ற எளியோரே. அவர்தம் கூலியில் நம் பங்கைப் பிறர் தாங்கினர் என்பதை மறத்தலாகாது.

அனாதபிண்டிகருக்குப் பகவர் இல்லறத்தார்க்குரிய நால்வகை இன்பங்களை உரைத்தபோது, பொருளுடைமையையும் அதனைத் துய்த்தலையும் கூறி, கடனின்மையையும் குற்றமின்மையையும் அவற்றோடு சேர்த்தருளினார். கடனாளிக்குத் துறவு அளித்தலாகாதென்பதும் விநய விதியே. பிறரை ஏமாற்றிக் கடனினின்று தப்பியவன் கடனற்றவன் ஆகான்.

ஆகவே அன்பர் செய்யத்தக்கது இதுவே. நிலுவைக் கணக்கைச் சங்கத்தினின்று எழுத்தில் பெறுக. அதில் ஏற்பதையும் மறுப்பதையும் பிரித்துக் குறிக்க. இரண்டையும் வாங்குபவரிடம் காட்டுக. ஏற்ற தொகையை விலையிலிருந்து தீர்த்துப் பாக்கியின்மைச் சான்று பெறுக. வழக்கிலுள்ள தொகையை, முடிவு தெரியும்வரை எழுத்துடன்படிக்கையின்படி வாங்குபவரிடமே நிறுத்தி வைக்க. வண்டூர் வீடு ஓர் அறை குறைவாகக் கட்டப்படலாம், கட்டப்படட்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்ததையும், பள்ளமான வயல்களில் கடல்நீர் புகுந்ததையும் அன்பர் அறிவார். ஓதம் ஏறுங்கால் உப்புநீர் நிற்கும் மனையொன்றை, ஓதம் வடிந்த வேளையில் காட்டி, ஒன்றும் சொல்லாது ஒருவர் அவருக்கு விற்றால், “நீர் கேட்கவில்லையே” என்னும் விடையை அவர் ஏற்பாரோ? ஏற்காராயின், தம்மையே உவமையாக்கிப் பிறரை நோக்குக. சென்னை வீட்டை வாங்க வந்தவரும் காய்ந்த மண்ணையே கண்டு நிற்கின்றார்.