இலையில் மிஞ்சும் அன்னம்

ஆன்மிகக் கேள்வி பதில்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் அன்னதானம் முடிந்ததும் மிச்சச் சோறு அண்டாவோடு குப்பைக்குப் போகிறது. நிர்வாகத்தாரிடம் சொன்னால், “அம்மனுக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கலாமா?” என்கிறார்கள். நான் கேட்டது தவறா?
– வாசகி, கோலா குபு பாரு

தவறே இல்லை, அம்மா. அம்மன் பெயரைச் சொல்லி உலை வைத்ததால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சோறு வெந்துவிட்டால் மட்டும் தானம் ஆகிவிடாது. அது ஒரு வயிற்றில் சேர வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருகிறவர் முகம் பார்த்து எரிகிற அடுப்பு அது.

குப்பைக்குப் போகும் சோறு எங்கே சேர்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கோலாலம்பூர்க் குப்பை 2005 முதல் நம் உலு சிலாங்கூரில், புக்கிட் தாகாரில் புதைக்கப்படுகிறது. சுற்றிலும் செம்பனை, நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டிய வட்டாரம். காற்றுப் புகாமல் மண்ணுக்கடியில் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பி வானத்தைச் சூடாக்குகிறது. அங்கே அதில் ஒரு பகுதியைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் நெல்லை விளைவித்தவர் உழைப்பும் வயலுக்குப் பாய்ந்த தண்ணீரும் போனது போனதுதான்.

பந்தியில் ஒரு நாள் நின்று பாருங்கள். வாளியோடு வரும் தம்பி, நான்கு வயதுப் பிள்ளையின் இலையிலும் பெரியவர் இலையிலும் ஒரே அளவு சோற்றைக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறார். ரசம் வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது. பிள்ளை நாலு வாய் தின்றதும் தாய் இலையை மடித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? முதலில் பாதி வைத்து, “இன்னும் போடவா?” என்று கேட்கப் பழக்குங்கள். அரிசி முழுவதையும் ஒரே மூச்சில் வடிக்காமல், முதல் அண்டா முக்கால்வாசி இறங்கிய பிறகு அடுத்த உலையை ஏற்றச் சொல்லுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் கூட்டம் கலைவதற்கு முன்பே பொட்டலம் கட்டிவிட வேண்டும். சாயங்காலம் வரை வெயிலில் கிடந்து ஊசிப்போனதை இல்லாதவர் கையில் கொடுப்பது அவரை அவமதிப்பது.

கோவிலை மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது.

அளந்து சமைத்தால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள், பானையில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். மறுநாள் கொட்டுவது நான்தான். சாஸ்திரம் என்ன சொல்கிறது?
– வாசகி, பத்தாங் காலி

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், நம் தோட்டங்களில் அரிசியைக் கண்ணால் காண்பதே அரிது. மரவள்ளிக் கிழங்குதான் உயிர் காத்தது. அதை அனுபவித்த தாய்மார் வளர்த்த பிள்ளைகளுக்குக் காலிப் பானை என்றால் இன்றும் மனம் பதறும். திடீரென்று வரும் விருந்தாளிக்காக ஒரு பிடி அதிகம் போடுவது இல்லற தர்மம்தான். நாள்தோறும் கொட்டும் அளவுக்குப் போடுவதுதான் கூடாது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையை அவருக்குச் சொல்லுங்கள். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்க வைத்ததும் சோறு கேட்டு வர ஒருவரும் இல்லை. பசித்தவரைத் தேடிச் சாவகத்துக்கு, அதாவது நமக்குப் பக்கத்து ஜாவாவுக்கு, கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். ஊட்ட ஆளில்லாத இடத்தில் தான் மட்டும் உண்ண மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலேயே உயிர் துறந்தான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்துக்கே பசித்தவர் வேண்டியிருந்தது.

காஞ்சி மகாபெரியவர் காட்டிய பிடியரிசி வழக்கம் உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்தும். அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டின்னில் போட்டு வையுங்கள். மாதம் முடிந்ததும் கோவில் மடப்பள்ளிக்கோ, அடுப்பெரியாத வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். டின்னை மாமியார் பொறுப்பிலேயே விடுங்கள். வீட்டில் எப்போதும் அரிசி இருக்கிற நிறைவு அவருக்கும் கிடைக்கும். ராத்திரி மிஞ்சும் சோற்றை அதிக நேரம் வெளியே விடாமல், ஆறியதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் அருமையான பசியாறல். வாடை மாறியிருந்தால் மட்டும் சாப்பிடாதீர்கள்.

அமாவாசைப் படையல் சோற்றைக் குப்பையில் போடலாமா? ஆற்றில் விடலாமா?
– வாசகர், ராசா

இரண்டும் வேண்டாம். காகத்துக்கு ஒரு கவளம் வைத்துவிட்டு, மிச்சத்தை வீட்டார் பிரசாதமாக உண்ண வேண்டும். அவர்கள் உண்ணும் அளவுக்குப் படைத்தால் போதும். முன்னோர்கள் கேட்பது அன்பு. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தில் லிங்கத்தின் பாணத்தில் சாத்திய சோற்றை நீர்நிலையில் மீன்களுக்காகக் கரைப்பது வழக்கம். அது ஆலய முறை. அதைப் பார்த்து நாமும் சுங்கை சிலாங்கூரில் கொட்டக்கூடாது. கோலாலம்பூர் வரை வீட்டுக் குழாய்களுக்குப் போகிற தண்ணீர் அது. உண்ண முடியாமல் போனதையும் வாழையிலை, பூக்களையும் கொல்லையில் முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் போட்டு மண்ணால் மூடுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், எறும்பும் எலியும் வரும்.